கடல் காக்கும் கூட்டுப்பணி

தேர்த் திருவிழாவில் ஆயிரம் பேர் வடம் பிடிக்கின்றனர். ஆயினும், அவரவர் எண்ணியபோது எண்ணிய திசையில் இழுப்பாராயின், தேர் ஓரடியும் நகராது. நகர்ந்தாலும் வீதியோரத்து வீட்டில் சென்று மோதும். ஆதலால், வழி பார்த்துக் குறிப்புக் காட்டுவார் ஒருவர் முன்னே நிற்கின்றார்; முட்டுக்கட்டை இடுவோர் சக்கரத்தின் அருகே நிற்கின்றனர். வடம் பிடித்தோர் அனைவரும் அந்தக் குறிப்பிற்கு இசைந்து இழுக்கின்றனர். 'ஊர் கூடித் தேர் இழுத்தல்' என்னும் பழமொழியில், 'கூடுதல்' என்பதற்குப் பலர் ஓரிடத்தில் சேர்தல் என்பது மட்டும் பொருளன்று. பலர் ஒரு குறிப்பிற்கு இசைதல் என்பதே அதன் உட்பொருள்.

கடலில் கொட்டிய எண்ணெயை அகற்றும் பணியும் இவ்வாறு ஊர் கூடி இழுக்கவேண்டிய தேரேயாகும். அப்பணிக்குக் கப்பல்கள் வேண்டும், வானூர்திகள் வேண்டும், கருவிகளும் பொருளும் ஆட்களும் வேண்டும். இவை யாவும் நிறைந்திருந்தும், அவற்றை இசைவிப்பார் இல்லாமையால் நேர்ந்த பேரிழப்பை வரலாறு காட்டுகின்றது. அவ்விழப்பிலிருந்து மக்கள் கற்றுக்கொண்ட பாடமும் அறியத்தக்கது.

நிலத்தின் அடியிலிருந்து எடுக்கப்படும் கச்சா எண்ணெயை நாடு விட்டு நாடு கொண்டு செல்லப் பெருங் கப்பல்கள் பயன்படுகின்றன. அவற்றுள் மிகப் பெரியவை இரண்டு இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட எண்ணெயைச் சுமந்து செல்ல வல்லவை. பெரும்பாலானவை தீங்கின்றிக் கரை சேர்கின்றன. எனினும், எப்போதோ ஒரு நாள் ஒரு கப்பல் பாறையில் மோதுகின்றது. அல்லது மற்றொரு கப்பலுடன் மோதுகின்றது. அப்போது அதன் வயிற்றிலுள்ள எண்ணெய் கடலில் பெருகுகின்றது.

எண்ணெய் நீரினும் இலேசானது. ஆதலால் மூழ்காமல் மேலே மிதந்து, மெல்லிய படலமாக விரைந்து பரவுகின்றது. அதனை நீரோட்டம் ஒருபுறம் இழுக்கின்றது. காற்று மற்றொருபுறம் தள்ளுகின்றது. காற்றின் வேகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவான வேகத்தில் அப்படலம் நகரும் என்பர். எண்ணெயில் உள்ள இலேசான பகுதிகள் முதல் ஓரிரு நாட்களிலேயே ஆவியாகிவிடுகின்றன. எஞ்சியது அலைகளால் கடையப்பட்டு, நீரையும் தன்னுள் வாங்கிக்கொண்டு, தடித்த கூழாக மாறுகின்றது. அவ்வாறு மாறியபின் அதன் அளவு முன்னிருந்ததைப்போல் மூன்று மடங்கிற்கு மேலும் பெருகக்கூடும். நீர்மமாக இருந்தபோது பொறியால் உறிஞ்சத்தக்கதாய் இருந்த பொருள், கூழானபின் குழாயை அடைத்துக்கொள்ளும்.

இதனால் உயிர்களுக்கு நேரும் துன்பம் பெரிது. கடற்பறவையின் இறகுகள் நீர் புகாதவாறு ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன. அவற்றில் எண்ணெய் பட்டவுடன் அப்பின்னல் குலைகின்றது. குளிர்ந்த நீர் உடலைத் தீண்டுகின்றது. பறவை விறைத்து மடிகின்றது. கடல் நீர்நாய்க்குத் திமிங்கிலத்தைப்போல் தடித்த கொழுப்பு இல்லை; அடர்ந்த மயிரே அதற்குப் போர்வை. அப்போர்வையில் எண்ணெய் படிந்தால் அதற்கும் அதே முடிவுதான். கரையை அடைந்த எண்ணெயோ சேற்றிலும் கல்லிடுக்கிலும் புகுந்து ஆண்டுக் கணக்கில் தங்கிவிடுகின்றது. எனவே, எண்ணெய் கடலில் கொட்டியபின் வரும் முதல் சில மணி நேரமே விலைமதிப்பற்ற காலமாகும்.

எண்ணெயை எதிர்க்கும் கருவிகள் சில உண்டு. மிதக்கும் தடுப்பு வேலிகளைக் கொண்டு அதனை வளைத்து நிறுத்தலாம். அவ்வாறு வளைத்ததை அள்ளும் பொறிகளால் அள்ளலாம். எண்ணெயை நுண்துளிகளாகச் சிதறச் செய்யும் மருந்துகளை வானூர்தியிலிருந்து தெளிக்கலாம். சில வேளைகளில் கடலிலேயே தீயிட்டு எரித்தலும் உண்டு. ஆனால் ஒவ்வொன்றிற்கும் ஓர் எல்லை உண்டு. அலை உயர்ந்தால் வேலியால் பயனில்லை. அலையே இல்லாவிடினோ மருந்து எண்ணெயோடு நன்கு கலப்பதில்லை. எண்ணெய் நாட்பட்டதாயின் தீப்பற்றுவதில்லை. மேலும், மருந்து கரைக்கு அருகில் தெளிக்கப்பட்டால் மீன் குஞ்சுகளுக்குக் கேடாகலாம். எவ்விடத்தில், எந்நேரத்தில், எக்கருவியைக் கையாள்வது என்று முடிவு செய்பவர் யார்? கப்பலுக்கு உரியவரா? கடலைக் காக்கும் படையினரா? கரையை ஆளும் மாநில அரசா? மீன்வளத் துறையினரா? இவ்வினாவிற்கு முன்கூட்டியே விடை காணாத நாடு, கருவிகள் இருந்தும் கையற்றதாகின்றது. இதனை 1989-ஆம் ஆண்டில் அலாஸ்காவில் நிகழ்ந்த விபத்து உலகிற்குக் காட்டியது.

அலாஸ்கா என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த, வடகோடியிலுள்ள மாநிலம். அங்கே ஆர்க்டிக் கடற்கரையில் எடுக்கப்படும் எண்ணெய், ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய் வழியே தெற்கே வால்டீஸ் என்னும் துறைமுகத்திற்கு வந்து சேர்கின்றது. அத்துறைமுகத்தின் முன்னே பிரின்ஸ் வில்லியம் உட்கடல் என்னும் அழகிய நீர்ப்பரப்பு விரிந்துள்ளது. பனி மூடிய மலைகளும், காடு அடர்ந்த தீவுகளும் அதனைச் சூழ்ந்துள்ளன. சால்மன், ஹெர்ரிங் முதலிய மீன்கள் அங்கே மிகுதி. கரையோர ஊர்களின் மக்கள் தலைமுறை தலைமுறையாக அம்மீன்களையே நம்பி வாழ்ந்துவந்தனர்.

1989 மார்ச்சு 23-ஆம் நாள் இரவு, 'எக்ஸான் வால்டீஸ்' என்னும் கப்பல், ஏறத்தாழ 20 கோடி லிட்டர் எண்ணெயுடன் கலிபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டது. வழியில் மிதந்துவந்த பனிப்பாறைகளை விலக்கும் பொருட்டு அது வழக்கமான தடத்தை விட்டு விலகியது. மீண்டும் உரிய காலத்தில் தடத்திற்குத் திரும்பவில்லை. நள்ளிரவு கடந்து நான்கு நிமிடத்தில் 'பிளை' என்னும் பாறைத்திட்டின்மேல் ஏறி நின்றது. கப்பலின் 11 எண்ணெய்த் தொட்டிகளுள் 8 தொட்டிகள் கிழிந்தன. நான்கு கோடி லிட்டருக்கு மேற்பட்ட எண்ணெய் கடலில் கலந்தது.

இத்தகைய விபத்தை எவரும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லுதற்கில்லை. துறைமுகத்தை நடத்திவந்த எண்ணெய் நிறுவனங்களின் கூட்டமைப்பு, விபத்து நேர்ந்தால் செய்யவேண்டுவன யாவற்றையும் ஒரு திட்டமாக எழுதி வைத்திருந்தது. அரசும் அத்திட்டத்திற்கு இசைவு தந்திருந்தது. ஐந்து மணி நேரத்திற்குள் கருவிகள் கப்பலைச் சென்றடையும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்நள்ளிரவில் நடந்ததோ வேறு. கருவிகளைச் சுமந்து செல்லவேண்டிய தட்டைப்படகு பழுது பார்ப்பதற்காக நிறுத்தப்பட்டிருந்தது. அதன்மேல் கருவிகள் ஏற்றப்பட்டிருக்கவில்லை. சில கருவிகள் பனியின்கீழ்ப் புதைந்து கிடந்தன. அவற்றைத் தேடி எடுத்து, ஏற்றி, அனுப்பி, அவை கப்பலை அடைந்தபோது விபத்து நேர்ந்து பதினான்கு மணி நேரம் கழிந்திருந்தது. ஏட்டிலிருந்த ஐந்து மணி நேரம் ஏட்டிலேயே நின்றது.

கருவியின் குறையினும் கட்டளையின் குறை பெரிதாயிற்று. முதல் நாள் துறைமுகக் கூட்டமைப்பினர் பணியை நடத்தினர். மறுநாள் கப்பலுக்கு உரிய நிறுவனத்தார் அதனை ஏற்றுக்கொண்டனர். நடுவண் அரசின் சார்பில் கடலோரக் காவல் படையின் அதிகாரி ஒருவர் இருந்தார். மாநில அரசின் சார்பில் சுற்றுச்சூழல் துறையினர் இருந்தனர். மூவரும் கூடிப் பேசினர்; ஆனால் கருத்து வேறுபட்டபோது இறுதியாக முடிவு சொல்வார் இவர் என்பது தெளிவாக இல்லை. மருந்து தெளிப்பது தகுமா, தகாதா என்ற வாதம் நீண்டது. தெளிக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், தேவையான அளவு மருந்து அங்கே இருப்பில் இல்லை. ஏறத்தாழ 4,000 பேர் வாழ்ந்த சிற்றூரில் பல திசைகளிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தனர். தொலைபேசிக் கம்பிகள் தாங்கமாட்டாமல் திணறின. யார் எங்கே இருக்கின்றார், எப்படகு எவ்வேலையில் உள்ளது என்பதை ஓரிடத்திலிருந்து அறிய வழியில்லாமற் போயிற்று.

இயற்கை அம்மக்களுக்கு மூன்று நாள் தவணை தந்தது. மார்ச்சு 24, 25, 26 ஆகிய நாட்களில் காற்று அடங்கியிருந்தது. கடல் குளம்போல் கிடந்தது. எண்ணெய் கப்பலைச் சுற்றியே பெரும்பாலும் தேங்கி நின்றது. வேலியிட்டு அள்ளுவதற்கு அதனினும் நல்ல காலம் வாய்ப்பது அரிது. அந்நாட்களே வாதத்திலும் காத்திருப்பிலும் கழிந்தன. 26-ஆம் நாள் இரவு கடும்புயல் எழுந்தது. விடிந்து பார்த்தபோது எண்ணெய்ப் படலம் சிதறித் தீவுகளின் கரைகளை நோக்கி நெடுந்தொலைவு சென்றுவிட்டது. அதன்பின் அதனைக் கடலில் வைத்துத் தடுப்பார் இல்லை. இறுதியில் ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்கரை எண்ணெயால் கறைபட்டது. மடிந்த கடற்பறவைகள் 2,50,000 இருக்கலாம் என்றும், கடல் நீர்நாய்கள் 2,800 இருக்கலாம் என்றும் அறிஞர் கணக்கிட்டனர்.

அவ்விருளிடையே இரு விளக்குகளும் எரிந்தன. கப்பலில் எஞ்சியிருந்த ஐந்தில் நான்கு பங்கு எண்ணெயும் கடலில் விழுந்திருக்குமாயின் கேடு பன்மடங்காகியிருக்கும். கடலோரக் காவல் படையினரும் கப்பல் நிறுவனத்தாரும் கருத்தொருமித்து, வேறு கப்பல்களைப் பக்கத்தே நிறுத்தி, அவ்வெண்ணெயைப் பழுதுபட்ட கப்பலிலிருந்து இறைத்துக் காத்தனர். இலக்கு ஒன்றாக இருந்த இடத்தில் பணி தடையின்றி நடந்தது.

மற்றொன்று மீனவரின் செயல். கார்டோவா என்னும் ஊரின் மீனவர்கள் எவருடைய அழைப்பிற்கும் காத்திராமல் தங்கள் சிறு படகுகளுடன் புறப்பட்டனர். கடல் முழுவதையும் காத்தல் இயலாது என்பதை அவர்கள் உணர்ந்தனர். ஆகவே எதனைக் காப்பது என்று முதலில் முடிவு செய்தனர். சாமில் விரிகுடா முதலிய இடங்களில் சால்மன் குஞ்சுகளை வளர்க்கும் பொரிப்பகங்கள் இருந்தன. அவ்வாண்டின் குஞ்சுகள் அழிந்தால் வரும் ஆண்டுகளின் பிழைப்பே அழியும். மாநில அரசு மிதவை வேலிகளையும் கப்பலையும் தந்து துணைநின்றது. மீனவர்கள் விரிகுடாவின் வாயிலில் வேலியின்மேல் வேலியிட்டு, உள்ளே புகுந்த எண்ணெயை வாளிகளால் மொண்டு, இரவு பகல் பாராது உழைத்தனர். பொரிப்பகங்கள் பிழைத்தன. நீரோட்டம் எங்கே சுழலும், காற்று எப்போது திரும்பும் என்பதை அவர்கள் அறிந்திருந்தமை அவ்வெற்றிக்குக் காரணமாயிற்று. தலைமையும் உள்ளூர் அறிவும் கருவியும் ஓரிடத்திற் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு அவ்விரிகுடா சான்றாயிற்று.

பின்னர் வந்த மாதங்களில் 10,000-க்கும் மேற்பட்ட பணியாளர்களும், 1,000 படகுகளும், 100 வானூர்திகளும் அக்கரைகளில் உழைத்தன. முதல் மூன்று நாட்களில் வேண்டியிருந்த ஆற்றல் பின்னர் வந்து சேர்ந்தது. வெந்நீரை விசையோடு பாய்ச்சிப் பாறைகளைக் கழுவினர். எண்ணெயோடு அங்கே ஒட்டியிருந்த சிப்பிகளும் பாசிகளும் வெந்து மடிந்தன. கண்ணுக்குத் தூய்மையாகத் தோன்றிய சில கரைகள் உயிரற்றவை ஆயின. செயலாற்றுவோர் பக்கத்தில் அறிவியலார் அமர்ந்து, 'இதனைச் செய்தலால் விளையும் நன்மை மிகுதியா, தீமை மிகுதியா?' என்று வினவுதல் இன்றியமையாதது என்பதும் அன்று விளங்கிற்று.

இக்குறைகளுக்கு மருந்து வேறொரு பேரிடரின்போதே கண்டறியப்பட்டிருந்தது. 1970-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் கலிபோர்னியாவில் பெருங் காட்டுத்தீ மூண்டது. 13 நாட்களில் 16 பேர் மாண்டனர். 700-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. தீயணைப்போர் வீரத்தில் குறைந்தவர் அல்லர். ஆனால் பல துறையினர் பல வானொலி அலைவரிசைகளில் பேசினர். ஒரே பொருளைப் பல பெயரால் வழங்கினர். யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று அறியாது திகைத்தனர். அந்நிகழ்ச்சிக்குப்பின் அத்துறையினர் யாவரும் கூடி ஒரு முறையை வகுத்தனர். அதனை 'நிகழ்வு ஆணை முறை' எனலாம். எக்ஸான் வால்டீஸ் விபத்திற்குப் பின்னர் அமெரிக்கக் கடலோரக் காவல் படை அம்முறையைத் தன் கடல் பணிக்கும் ஏற்றுக்கொண்டது.

அம்முறை எளியது. பணி முழுவதும் ஐந்து கூறாகப் பிரிக்கப்படுகின்றது. தலைமை என்பது முதற்கூறு. இலக்கை வகுப்பது அதன் வேலை. செயற்பிரிவினர் கடலிலும் கரையிலும் இறங்கி வேலை செய்கின்றனர். திட்டப்பிரிவினர் செய்திகளைத் திரட்டி நாளைய பணியை வகுக்கின்றனர். தளவாடப் பிரிவினர் உணவு, எரிபொருள், உறைவிடம், கருவி ஆகியவற்றைத் தேடித் தருகின்றனர். நிதிப்பிரிவினர் செலவைக் கணக்கிட்டு, படகுக்காரர்க்கும் பணியாளர்க்கும் சேரவேண்டியதைச் சேர்ப்பிக்கின்றனர். ஒருவர் தமக்குக்கீழ் ஐந்து பேரை மேற்பார்த்தல் நன்று; ஏழு பேருக்கு மேல் கூடாது. ஒவ்வொருவருக்கும் மேலாளர் ஒருவரே. இவ்விதிகளால், பணியாளர் பத்துப் பேராயினும் பதினாயிரம் பேராயினும் அமைப்புக் குலைவதில்லை.

எண்ணெய்க் கசிவில் தலைமை ஒருவரிடம் மட்டும் இருத்தல் எளிதன்று. நடுவண் அரசிற்கும் மாநில அரசிற்கும் சட்டப்படி உரிமைகள் உண்டு. எண்ணெய்க்கு உரிய நிறுவனத்திற்குக் கடமை உண்டு. இம்மூவரையும் விலக்காமல் ஒரே மேசையின் முன் அமர்த்துவதே 'ஒருங்கிணைந்த தலைமை' ஆகும். அவரவர் உரிமை அவரவரிடமே இருக்கும். ஆனால் இலக்கும் திட்டமும் எல்லார்க்கும் ஒன்றே. மனித உயிரைக் காத்தலே முதல் இலக்கு. கசிவின் வாயை அடைத்தலும், சதுப்பு நிலம், மீன் வளர்ப்பிடம் போன்ற எளிதிற் கெடும் இடங்களைக் காத்தலும் அதனை அடுத்து வருவன. கருத்து ஒன்றுபடாத வேளையில் இறுதி முடிவு நடுவண் அரசின் களப் பொறுப்பாளர் கையில் உள்ளது. மூன்று நாட்களை வாதத்தில் இழக்கும் நிலை இதனால் விலக்கப்படுகின்றது.

நாள்தோறும் பணி ஒரு வட்டமாகச் சுழல்கின்றது. விடியலில் வானூர்தி எழுந்து எண்ணெய் இருக்கும் இடத்தைக் கண்டு வருகின்றது. காற்றையும் நீரோட்டத்தையும் கணக்கிட்டு, அது நாளை எங்கிருக்கும் என்று அறிவியலார் வரைபடத்தில் குறிக்கின்றனர். மாலையில் அனைவரும் கூடி மறுநாள் திட்டத்தை எழுதிக் கையொப்பமிடுகின்றனர். மறுநாட் காலையில் ஒவ்வொரு குழுவின் தலைவர் கையிலும் அத்திட்டம் இருக்கின்றது. களத்திற்கு வரும் ஒவ்வொரு படகும் பெயர் பதிந்துகொள்ளவேண்டும். அது வேலையில் உள்ளதா, வேலைக்கு ஆயத்தமாக உள்ளதா, பழுதுபட்டுள்ளதா என்பது பலகையில் குறிக்கப்படும். இச்சிறு பலகை வால்டீஸில் அன்று இருந்திருக்குமாயின், பழுதுபட்ட தட்டைப்படகு நள்ளிரவிலா கண்டுபிடிக்கப்பட்டிருக்கும்?

1990 ஆகஸ்டு 18-ஆம் நாள் அமெரிக்காவில் புதிய எண்ணெய் மாசுச் சட்டம் நிறைவேறியது. எண்ணெய் ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு கப்பலும் விபத்துக்காலத் திட்டத்தை வைத்திருத்தல் வேண்டும். திட்டத்தை எழுதி வைத்தலோடு நில்லாமல், உரிய காலங்களில் ஒத்திகையும் நடத்துதல் வேண்டும் என்று அது விதித்தது. பணியைத் தொடங்கப் பணத்திற்குக் காத்திருத்தல் கூடாது என்பதற்காக, எண்ணெய்மீது சிறு வரி விதித்து நிதி ஒன்றும் வளர்க்கப்பட்டது. ஒற்றை அடித்தகடு உடைய கப்பல்கள் விலக்கப்பட்டு, இரட்டைத் தகடுள்ளவை வந்தன. பிரின்ஸ் வில்லியம் உட்கடலில் எண்ணெய் சுமந்த கப்பலோடு இரண்டு துணைக்கப்பல்கள் உடன் செல்லும் வழக்கம் ஏற்பட்டது. வாளியோடு சென்ற மீனவர்களின் வழிவந்தோர்க்கு இப்போது முறையான பயிற்சி அளிக்கப்படுகின்றது. அவர்தம் படகுகள் ஒப்பந்தத்தின்கீழ் ஆயத்தமாக உள்ளன.

முறை வகுக்கப்பட்டதனால் மட்டும் இடர்கள் எளியவை ஆகிவிடுவதில்லை. 2010 ஏப்ரல் 20-ஆம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' என்னும் துளைப்பு மேடை வெடித்துத் தீப்பற்றியது. 11 பேர் உயிரிழந்தனர். கடலின் ஆழத்திலிருந்து பீறிட்ட எண்ணெயை அடைக்க 87 நாட்கள் ஆயின. கடலோரக் காவல் படையின் தளபதி தாட் ஆலன் நாடளாவிய பொறுப்பாளராக அமர்த்தப்பட்டார். 40,000-க்கும் மேற்பட்டோர் ஒரே காலத்தில் உழைத்தனர். அவ்வளவு பெரிய படையைப் பிரிவு பிரிவாக நடத்த அம்முறை கைகொடுத்தது. ஆயினும், மிதவை வேலிகள் தம் ஊர்க்கு வந்து சேரவில்லை என்று கரையோர உள்ளாட்சித் தலைவர்கள் பலர் முறையிட்டனர். திட்டம் வகுக்கும்போதே உள்ளூராரைச் சேர்த்துக்கொள்ளாவிடில், இடர் வந்தபின் அவர்கள் அதனைத் தம் திட்டமாக ஏற்பதில்லை என்பது அதனால் புலனாயிற்று.

நீண்ட கடற்கரையை உடைய இந்தியாவும் இப்பொறுப்பை உணர்ந்துள்ளது. 1996-ஆம் ஆண்டில் தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்தியக் கடலோரக் காவல் படை அதன் நடு நாயகமாக விளங்குகின்றது. துறைமுக எல்லைக்குள் நேரும் கசிவைத் துறைமுகமும், எண்ணெய் நிறுவனத்தின் எல்லைக்குள் நேர்வதை அந்நிறுவனமும் முதலில் எதிர்கொள்ள வேண்டும். கரைக்கு வந்த எண்ணெயை அகற்றுதல் மாநில அரசின் பொறுப்பு. 700 டன் வரையிலான கசிவு முதல் நிலை; 10,000 டன் வரை இரண்டாம் நிலை; அதற்கு மேற்பட்டது மூன்றாம் நிலை. நிலை உயர உயர, உள்ளூர் ஆற்றலோடு நாட்டின் ஆற்றலும், வேண்டுமாயின் பிற நாடுகளின் துணையும் வந்து சேரும். எண்ணெய் செல்லும் திசையை ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் நிலையம் கணித்துச் சொல்கின்றது.

இத்திட்டத்திற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சோதனை வந்தது. 2017 ஜனவரி 28-ஆம் நாள் விடியற்காலையில், சென்னைக்கு வடக்கே எண்ணூரில் காமராசர் துறைமுகத்திற்கு அருகே இரு கப்பல்கள் மோதின. அவற்றுள் ஒன்றிலிருந்து தடித்த எரியெண்ணெய் கடலில் கலந்தது. தொடக்கத்தில் கசிவின் அளவு மிகக் குறைவாக மதிப்பிடப்பட்டது. அதனால் முழு ஆயத்தம் காலந்தாழ்ந்தது. அதற்குள் எண்ணெய் தெற்கே நகர்ந்து, எர்ணாவூர்க் கரையின் கற்குவியல்களிடையே கூழாகத் தேங்கியது. உறிஞ்சும் ஊர்திகள் கொண்டுவரப்பட்டன. தடித்த கூழ் அவற்றிற்கு எளிதில் வசப்படவில்லை. கடலோரக் காவல் படையினரும், அரசுப் பணியாளரும், மீனவரும், கல்லூரி மாணவரும் வரிசையாக நின்று, வாளிக்கு வாளி கைம்மாற்றி அதனை அள்ளினர். மீன் வாங்குவார் குறைந்தமையால் மீனவர் குடும்பங்கள் அல்லலுற்றன. கசிந்தது சில நூறு டன்னே. அலாஸ்காவின் கசிவோடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. ஆயினும் முதல் நாளின் மதிப்பீடு தவறினால் பின்வரும் நாட்கள் எவ்வளவு சுமையாகும் என்பதை அச்சிறு கசிவே காட்டிவிட்டது. எண்ணூரில் வாளி ஏந்திய இளைஞரின் தொண்டு போற்றுதற்குரியது. எனினும் அவ்வாளிகள் வேண்டப்படாதவாறு முன்னரே காத்தலே திட்டத்தின் நோக்கம்.

இவ்விபத்துகள் எல்லாம் ஒன்றையே உணர்த்துகின்றன. எண்ணெய்க்கு எல்லைக்கோடு தெரியாது. துறைமுக எல்லை எது, மாநில எல்லை எது என்று கேட்டுக்கொண்டு அது நிற்பதில்லை. அதனை எதிர்ப்பவர்கள் மட்டும் தத்தம் எல்லைக்குள் நின்றால், இடைவெளிகளின் வழியே அது கரை ஏறிவிடும். வெள்ளம் வருமுன்னரே அணை கோலவேண்டும். கட்டளை இடுபவர் யார், உடன் அமர்பவர் யார், கருவி எங்கே உள்ளது, பணம் எங்கிருந்து வரும், உள்ளூர் மக்களின் பங்கு யாது என்பவற்றைக் கடல் அமைதியாக இருக்கும்போதே வகுத்து, ஒத்திகை பார்த்துக் குறை நீக்கி வைத்திருத்தல் வேண்டும். ஒத்திகை பாராத திட்டம் எழுத்தாகவே நின்றுவிடும்.

தேர் நிலையை விட்டுப் புறப்படுமுன் அச்சும் சக்கரமும் வடமும் பார்க்கப்படுகின்றன. முட்டுக்கட்டை ஆயத்தமாக வைக்கப்படுகின்றது. குறிப்புக் காட்டுபவர் இன்னார் என்பதை ஊரார் முன்னரே அறிவர். அதனாலேயே ஆயிரம் கைகளின் வலிமை ஒரு வலிமையாகின்றது. 1989-இல் அலாஸ்காவில் கடல் அளித்த தவணை மூன்று நாள். அடுத்த முறை மூன்று மணி நேரமே கிடைக்கலாம். அதற்குள் பணியைத் தொடங்கும் ஆற்றல், முன்னரே இசைந்து நிற்கும் கைகளுக்கே உண்டு.